துண்டுக்கு அடியில் வந்த சேதி

எருமைக் கொம்பை அறுத்துக் கம்பியில் மாட்டியதுபோல இருந்தது ஆம்பூர் தோல் மண்டியின் டெலிபோன். அதை நான் காதில் வைத்தபோது கல்யாணப் புடவையின் மொடமொடப்புக்கூடப் போகவில்லை.

மெட்ராசுக்குத் தோல் கட்டுகளோடு போன என் வீட்டுக்காரருக்கு வாந்திபேதி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருடைய தோஸ்த் அங்கிருந்து டெலிபோனில் பேசினார். அவர் பேசினாரா, பாலாற்று வெள்ளம் பேசியதா என்று சொல்ல முடியாது. மழையில் நனைந்த கம்பி அப்படி இரைந்தது. முதலில் கேட்ட மாமியார், "போய்ட்டானாம்டீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மண்டிக் கணக்கர் வாங்கிக் கேட்டு, "இல்லம்மா, தேறிட்டாருன்றாங்க" என்றார். ஒரே இரைச்சல்தான். பயந்தவருக்குப் பயமும் நல்ல மனுஷருக்கு நல்லதும் கேட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரரின் அக்காவான என் நாத்தனார் ஒரு தோல் தரகரின் மனைவி. "அல்லாரும் வெளிய போங்க. இன்னா பாக்குற, நீயுந்தான்டீ புதுப்பொண்ணு" என்று எங்களைத் துரத்திக் கதவைச் சாத்திக்கொண்டு டெலிபோனில் கத்தினார். பக்கத்துக் கொட்டகையில் தோல் ஊறும் பீப்பாய்கள் உருண்ட சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு கதவைத் திறந்தார். "பேச்சு வாணாம்னுட்டேன். அந்தாண்ட அவன் தோஸ்து தட்டிக்கினே இருப்பாரு. ரெண்டு ரெண்டா, இல்ல மூணு மூணா. எதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்கும் அவருக்குந்தான் தெரியும். ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வந்து என் கையில சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தன் கைமேல் துண்டை விரித்தார். தோல் வியாபாரிகள் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

கணக்கர் கேட்டார். மாமியார் கேட்டார். கடைசியாக நான். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாததால் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். வெடிப்பும் கீச்சும் இஷ்டத்துக்கு வந்து போயின. போகப்போக அவற்றுக்கு அடியில் ஒன்று மட்டும் ஒழுங்காக வந்தது. டக் டக். ஓய்வு. டக் டக். ஓய்வு. விரலை மடக்கியபடியே துண்டுக்குள் கையை நீட்டினேன்.

"வளையலா போட்டுக்க வந்தே? விரலக் காட்டுடீ!"

இரண்டு விரலைக் கொடுத்தேன்.

நாத்தனார் துண்டை உதறினார். "மூணு பேரும் ரெண்டு. பொழச்சிக்கினான். போய்க் கஞ்சி குடிங்க." மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

இப்போதெல்லாம் டெலிபோனில் மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது. இருந்தும் தூரத்திலிருக்கும் பிள்ளை "நல்லா இருக்கேம்மா" என்றால், அது நிஜமா, என் ஆசையா என்று எனக்குப் பிரிக்கத் தெரிவதில்லை.

என் வீட்டுக்காரர் இளைத்துப்போய் வீடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் நாத்தனாரிடம் கேட்டேன். "நீங்க மட்டும் ஏன் அண்ணி காதுல வெச்சுக் கேக்கல?"

"எனக்குத்தான் அர்த்தம் தெரியுமே. என் தம்பி செத்தே கெடந்தாலும் எனக்கு ரெண்டுதான்டீ கேட்டிருக்கும்."