சித்தி மட்டும் பார்த்த முடிவு

சித்தி தம் உள்ளங்கையை ஈர மணலில் அழுத்தி வைத்தார், கண்களை மூடினார், பிறகு அந்தக் கையை மெல்ல எடுத்து என் மாமாவின் மார்பில் வைத்தார். இதை நான் நேரில் கண்டேன். இங்கே எழுதுவன அனைத்தும் நானே கண்டவை, அல்லது நாங்கள் படம் பார்க்கப் போன பாய் வீட்டு அம்மாவிடம் பின்னாளில் கேட்டு உறுதி செய்துகொண்டவை. சித்தி காது கேளாதவர், வாய் பேசாதவர். அத்தகையவரைப் பற்றி எதையும் இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். மறுக்க அவரால் இயலாது. ஆகவேதான் இந்தக் கண்டிப்பு.

எண்பதுகளின் பிற்பகுதி. பொன்னேரியில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டுப் பாய் வீட்டுக்கு, துபாயிலிருந்த அவர் மகன் ஒரு வீடியோ டெக் அனுப்பியிருந்தார். ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் குப்பத்தார் படகேறிச் சென்று அந்தக் கூடத்தில் படம் பார்ப்போம். சித்தி என் தாயின் தங்கை; மாமா அவர்கள் இருவருக்கும் அண்ணன். ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். எல்லோரும் சிரிக்கும்போது என் முழங்கையைக் கிள்ளி, என்னவென்று கண்ணால் கேட்பார். நான் கையசைத்துச் சொல்லத் தொடங்கினால், "அப்பறம் சொல்லிக்கலாம், மறைக்காத" என்பார் பின்னாலிருந்து மாமா. அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு, பாய் புதிய கேசட் ஒன்றைப் போட்டார். மகனோடு வேலை பார்த்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்ததாம். முழுவதும் கையால் வரைந்த படம், பேச்செல்லாம் ஜப்பானிய மொழி. கடலில் நடந்து செல்லும் மலையளவு மிருகம். அதன் முதுகில் ஓர் ஊர். கடலின் நிறம், மழைக்கு முன் எங்கள் ஏரி காட்டும் சாம்பல் பச்சை. மிருகம் கால் தளர்ந்து அமிழத் தொடங்க, ஊரார் மூட்டை கட்டிப் படகேறினார்கள். ஒரு சிறுமி மட்டும் ஏற மறுத்தாள்.

"இன்னா பாய் இது? ஒரு எழவும் புரியல. அந்தச் சண்டப் படத்தப் போடு" என்றார் மாமா.

"எனக்கு மட்டும் இன்னா புரியுது? அட்டையில பேரக்கூடப் படிக்க முடியல" என்று பாய் கேசட்டை எடுக்கப் போனார். சித்தி எழுந்து டெக்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எந்தப் படமும் புரியாதவ இவ! இவ இன்னாத்துக்குத் தடுக்கறா?" என்றார் மாமா.

கூடம் சிரித்தது. சித்தி மற்றொரு கையால் என்னிடம் பேசினார், நான் உரக்கச் சொன்னேன்: "அதுக்குக் கோவம் இல்லியாம். களைச்சுப் போச்சாம். அத வுட்டுப் போவ அந்தப் பொண்ணுக்கு மனசில்லியாம்."

மாமா திரையைப் பார்த்தார். சிறுமி மிருகத்தின் விலாவில் கன்னத்தை வைத்திருந்தாள். "சரி... அப்பறம் இன்னாவாம்?" என்றார்.

அதைச் சித்தி அவர் உதடுகளில் படித்தாரா என்பதை அறியேன். முகம் மலர்ந்ததை அறிவேன். எங்களுக்குச் சொற்கள் அற்றுப்போன அந்தப் படத்தில், முகங்களையும் நடைகளையும் மட்டுமே கொண்டு கதை அறிந்து பழகிய அவருக்கு ஒன்றும் குறைந்திருக்கவில்லை. கூடம் முழுவதும் அவர் கைகளைப் பார்த்திருந்தது. சிறுமி மிருகத்தின் காதைத் தேடினாள், காணவில்லை. உள்ளங்கையால் அதன் தோலைத் தட்டத் தொடங்கினாள். அப்போது கரண்டு போயிற்று. காத்திருந்து பார்த்து, காற்று வலுக்குமுன் படகேறினோம்.

மறுநாள் சித்தி தனியே சென்று மீதியைப் பார்த்தார். பாய் வெளியே போயிருந்தார்; பாய் வீட்டு அம்மா அடுப்படியில் இருந்ததால் படத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேசட் உப்புக்காற்றில் பூசணம் பூத்துக் கெட்டுவிட்டது.

அன்று மாலை, சித்தி படகிலிருந்து இறங்குமுன்பே, மாமா கரையில் நின்று கைகளால் கேட்டார்: அது பிழைத்ததா? அவர் சித்தியிடம் கையால் பேசி நான் அதற்குமுன் கண்டதில்லை. அதற்குத்தான் அந்த விடை: மணல், மூடிய கண், மார்பு.

"பொழச்சுச்சு! நெஞ்சு அடிக்குதுன்றா" என்றார் மாமா. எனக்கோ அது கண்மூடி மணலில் அடங்கி இறந்ததாகவும், நெஞ்சில் மட்டும் மிஞ்சியதாகவும் பட்டது. எது சரியென்று காட்டாமல் சித்தி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அடுத்த ஞாயிறு முதல் தமிழ்ப் படங்களின் கதையை மாமாவே தப்பும் தவறுமாகக் கையசைத்து அவருக்குச் சொன்னார்.

சித்தி மறைந்துவிட்டார். இன்று ஜப்பானியப் படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை. அதன் பெயர் எனக்குத் தெரியாது. வரைந்தவர் யாரென்று தெரியாது. அந்த மிருகம் பிழைத்ததா என்பதும் தெரியாது.