கிட்ட நின்று எடுத்த படம்

ஜெசீமா மௌத்தாகிவிட்டார்.

பழைய ஒபிஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலேயே வந்திருக்கிறது. போனை சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோன எனக்கு மத்தியானம்தான் தெரியும். அதற்குள் கிண்ணியாவில் அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

வாசித்தேன். போனை வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். என்ன கறி என்று கேட்டால் தெரியாது...

கீழே போட்டிருக்கும் படத்தைப் பார்த்துப் பலர் குழம்புவீர்கள். ஒரே மங்கல். நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. அது என் மகள். வெள்ளையாக இருப்பது பல்.

ஜெசீமாவின் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. எடுக்கப் போனால் முகத்தை மறைத்துக்கொள்வார். அதனால் இதைப் போடுகிறேன்.

சண்டைக் காலத்தில் திருகோணமலை டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் வேலை. நான் ஸ்டோர் கீப்பர், தறப்பாளும் வாளியும் பால்மாவும் என் பொறுப்பு. ஜெசீமா கவுன்சிலிங். என்னைவிட வயது குறைந்தவர். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடந்து வருவார்.

அவருடைய கவுன்சிலிங்கில் கதை குறைவு. வாயே திறக்காத ஆட்களின் கையில், ஒருதரம் பாவித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கமரா ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

"ஒங்களுக்கு விருப்பமானத எடுங்க. கடல் பக்கம் மட்டும் திருப்பாதீங்க. நேவி புடிச்சா நான் வர மாட்டன்."

துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்குக் கடல் இல்லாத பக்கம் எது? பலநாள் சிரிக்காதவர்களும் அதற்குச் சிரித்துவிடுவார்கள்.

ஒருநாள் மிஞ்சிய கமரா ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஒங்களுக்கு, அண்ணன்."

"எனக்கென்ன வருத்தம்?"

"வருத்தமெண்டு ஆரு சொன்ன? மிச்சமாப் போச்சு, எடுங்க."

ஷெல் விழுந்து என் மனைவி போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகளுக்கு நாலு வயது. சாம்பல்தீவில் மனைவியின் அக்கா வீட்டில் நாங்கள் இருந்தோம். நல்ல தகப்பன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பால்மா, சப்பாத்து, தடுப்பூசி... ஒன்றையும் நான் தவறவிடவில்லை.

றோல் முழுக்க மகளைத்தான் எடுத்தேன்.

பிரின்ட் வந்ததும் ஜெசீமா மேசையில் பரப்பினார். நல்லது, கூடாது என்று ஒன்றும் சொல்ல மாட்டார். யாரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"இது எங்க நிண்டு எடுத்தீங்க?"

"வாசல் படலையடியில."

"இது?"

"கிணத்தடி."

"இது?"

"அது... ரோட்டில நிண்டு."

வீடு, முற்றம், மாமரம் எல்லாம் வடிவாக விழுந்திருந்தன. மகள் மட்டும் எல்லாப் படத்திலும் விரல் நகமளவு.

"மகள்ட மொகம் எப்பிடி அண்ணன்? இதுல தெரியல்லயே."

சொல்ல வெளிக்கிட்டேன். வரவில்லை. ஒவ்வொரு நாளும் பார்க்கிற பிள்ளை...

எனக்குக் கோபம்தான் வந்தது. "இது மலிவுக் கமரா. கிட்டப் போனா மங்கும். பெட்டியிலயே எழுதிக் கிடக்கு."

"மங்கட்டும்." இன்னொரு கமராவை எடுத்துத் தந்தார். "கையால தொடுற தூரத்தில நிண்டு ஒண்டு எடுத்திட்டு வாங்க."

அன்று பின்னேரம் முற்றத்தில் மகளுக்கு முன்னால் குந்தினேன். பிள்ளை ஓரடி பின்னால் போனாள்.

அப்போதுதான் விளங்கியது. இவளும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, நான் முன்கூட்டியே தள்ளி நின்றிருக்கிறேன். அது அவளுக்குப் பழகியும் போயிருந்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"பிள்ளையைப் படம் எடுக்கப்போறன்."

"சிரிக்கவோ?"

"ஓம்."

கிட்ட வந்தாள். நெற்றி ஓரத்தில் ஒரு தழும்பு. எப்போதோ ஆறிப்போன தழும்பு.

"இது எப்ப வந்தது?"

"அது எப்பவோ விழுந்தனான். பெரியம்மா மருந்து போட்டவ."

படத்தை எடுத்தேன். பிறகு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். கால் விறைத்துவிட்டது, எழும்பவில்லை.

மங்கின பிரின்டைக் காட்டியபோது ஜெசீமா தன் கேள்வியைக் கேட்கவில்லை. கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கவனமா வச்சுக்கொள்ளுங்க" என்றார். பிறகு, கடைசிப் பாதை போய்விடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இன்றைக்கு...

பின்னேரம் கிண்ணியா பஸ் எடுத்தேன். பஸ் பாலத்தைத் தாண்டித்தான் போகும். அவருடைய வீடு மற்றக் கரையில், பாலத்துக்குப் பக்கத்தில். நான் இந்தக் கரையிலேயே இறங்கிவிட்டேன்.

கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு போன் எடுத்தேன். ஜெசீமா அன்ரி என்றால் அவளுக்கு உயிர். சொன்னதும் அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இப்ப எங்க நிக்கிறீங்கள் அப்பா?"

"பாலத்தடியில."

"எந்தப் பக்கம்?"

"இஞ்சால பக்கம்தான்..."



"நான் லைனில நிக்கிறன். நடவுங்கோ அப்பா."

நடந்தேன்.

உங்கள் வீட்டு வாசலில் கதிரை போட்டுத் தந்தார்கள், ஜெசீமா. பிறகு உங்கள் தம்பி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இதை உங்கள் வீட்டு ஹோலில் இருந்துதான் எழுதுகிறேன்.

போய்வாருங்கள்.