யார் கை வைத்தது?

கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிய பிறகும் கமர் ஜஹான் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இரண்டடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். சாவி கைப்பைக்குள் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போய்ச் சேரும். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அந்த மெஷின் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; அங்கே சொல்லிக்கொடுக்கும் அவள் பொறுப்பில்தான் அது இருக்கிறது. தன் நிழலையே நம்பாதவள், அதை எப்படி நம்புவாள்?

திரையில் புள்ளிகள் ஓடும் விளையாட்டு ஒன்றை மெஷினுக்கான டேப் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறாள். முதல் புள்ளிகளைத் தினமும் ஒரே மாதிரி அவளே தட்டி வைப்பாள். பிறகு ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்கும். துணை குறைந்தால் அணையும், நெரிசல் மிஞ்சினாலும் அணையும்; காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று புள்ளி இருந்தால் அங்கே புதுசாய் ஒன்று முளைக்கும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் நேற்று கோலமாய் விரிந்தது இன்று சிதறி ஓடும்.

"மெஷினுக்கு இன்னா தெரியும்? யாரோ கை வெச்சிருக்காங்க" என்பாள்.

யாரோ என்றால் மதிய வகுப்பு எடுக்கும் மங்கை. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. "நான் கேசட்டத் தொடவே இல்லக்கா" என்று அழுதும் பார்த்தாள். கமர் ஜஹான் மசியவில்லை. தன் விரல் பிசகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "அவ இருந்தா நான் இல்ல பாய்" என்று முதலாளி சைபுதீனிடம் சொல்லிவிட்டாள். அமாவாசையோடு மங்கையை நிறுத்துவதாக அவரும் தலையாட்டிவிட்டார்.

அமாவாசையும் வந்தது. ஜன்னலுக்குக் கீழே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். ஓரமாய் நின்ற காலி பஸ்ஸின் ஜன்னலில் ஒருவர் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் பையைப் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் பஸ் பிதுங்கி வழிந்தது. டீ குடித்துவிட்டு வந்த கண்டக்டர் கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இது டிப்போவுக்குப் போற வண்டி! மலையனூர் போவும்னு யாருய்யா சொன்னது?"

யாருமே சொல்லவில்லை. முதலில் விழுந்தது ஒரே ஒரு துண்டுதான் என்பதைப் பார்த்திருந்த கமர் ஜஹான் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

உள்ளே போய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்துத் தட்டினாள். கோலம் விரிந்தது. மறுபடி தட்டினாள், அதே கோலம். வேண்டுமென்றே ஒரே ஒரு புள்ளியை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். திரை முழுக்கச் சிதறியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பிசகியது தன் விரல்தான், மங்கையை நிறுத்த வேண்டாம் என்று சைபுதீனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மங்கை சாப்பாட்டுத் தூக்கோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். கமர் ஜஹான் அறையைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு நீ வந்து தொறம்மா."

கண்ணாடிக் கூட்டைத் திறந்து சாவியை மங்கையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிவிட்டாள்.