இருபத்தொரு நாள் பாஸ்

என்னிடம் ஒரு ரயில் பாஸ் இருக்கிறது. இந்தியாவுக்குச் சுற்றுலா போகும் வெளிநாட்டுக்காரருக்கென்று அச்சடித்தது. இருபத்தொரு நாளைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம், எங்கேயும் இறங்கலாம். முன்பக்கத்தில் மாமியின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறது. பின்பக்கத்தில் ரயில் நிலையங்கள் முத்திரை குத்துவதற்கென்று சின்னச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தைத் தவிர எல்லாம் வெறுமை. அந்த முதல் கட்டத்திலும் ஊதா மையில் சரிந்து கிடக்கும் முத்திரை எந்த ரயில் நிலையத்தினுடையதும் இல்லை. திருகோணமலையிலிருந்து சீனன்குடாவுக்குப் போகும் வழியில் அப்போது இருந்த ஒரு சோதனைச் சாவடியினுடையது.

இதை நான் இப்போது வெளியே எடுத்ததற்குக் காரணம் என் நண்பர்கள். கொழும்பில் ஒன்றாக வேலை செய்யும் ஐந்து பேர் ஜப்பானுக்குப் போகிறோம். இரண்டு நாளாகக் கைபேசிக் குழுவில் ஒரே சண்டை: ரயில் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா? ஒருத்தி அட்டவணை போட்டு அனுப்புகிறாள். இன்னொருவன் அதில் பிழை பிடிக்கிறான். "நீ ஏன்டி வாய் திறக்கிறாயில்லை?" என்று என்னைக் கேட்டார்கள். "பாஸ் எண்டா நான் வரேல்லை" என்று எழுதினேன். சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன. அதில் வந்த கோபத்தில்தான் இதை வேகவேகமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். வாசித்து முடித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மாமி என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்யவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு "ஆள் வந்தது, பாஸ் கிடைக்கேல்லை" என்று சொல்லி வாயை அடைப்பாள். திருகோணமலைப் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளர். அப்பாவுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை. அவரும் அம்மாவும் அங்கே குவாட்டர்ஸில் இருந்தார்கள். பட்டினத்தில் படிப்பதற்காக நான் மாமியோடு இருந்தேன். சண்டைக் காலம், எங்கே போகவும் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும்; மாமியின் மேசைக்கு வந்ததில் முக்கால்வாசி அதற்கான அனுமதிக் கடிதங்கள். கடலுக்குப் போக, சீமெந்து கொண்டுபோக, வருத்தக்காரரைப் பார்க்கப் போக, செத்த வீட்டுக்குப் போக. "கீழே பெயர் குறிப்பிடப்பட்டவர் மேற்படி இடத்திற்குச் சென்றுவர அனுமதிக்குமாறு" என்ற வரியை மாமி கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள். சாம்பல்தீவிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் வந்த மீன்பிடிகாரர் அவளுடைய மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பார்கள். அவர்களை மாமி கதிரையில் இருத்தாமல் ஒரு எழுத்துக்கூட அடிக்கமாட்டாள். "நான் என்ன சாமியே, நிண்டு கும்பிட? இருங்கோ அண்ணை."

அந்தக் கந்தோர்ச் சுவரில் பழைய கலண்டர் ஒன்று தொங்கியது. வருடம் முடிந்தும் மாமி கழற்ற விடவில்லை. அதில் ஒரு பொம்மை மாதிரிச் சின்ன ரயில், பைன் மரங்களுக்கு நடுவே மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும். சிம்லா ரயில். சமாதானம் என்று சொல்லிப் பாதைகள் கொஞ்சம் திறந்திருந்த காலத்தில், மாமி ஒரு மாத லீவு கேட்டு எழுதினாள். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் தனக்கென்று அடித்த முதல் கடிதம் அதுதான். லீவு கிடைத்தது. சென்னைக்கு விமானம், அங்கிருந்து சிம்லா வரை ரயில். கோயில் குளம் ஒன்றும் இல்லை. உயர்தரச் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான் துணைக்கு. இந்தியாவின் ரயில் படம் ஒன்றை எங்கேயோ தேடி எடுத்துக் குசினி மேசையில் விரித்து, இறங்கப்போகும் இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டாள். அவற்றைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

"இட்டார்சி. இறங்கித் தேத்தண்ணி குடிக்க நல்ல பேராக் கிடக்கு."

"அங்க பாக்க ஒண்டுமில்லை மாமி."

"அப்ப இன்னும் நல்லது. ஒண்டுமில்லாத இடத்தில இறங்கினாலும் ஏன் இறங்கினனீ எண்டு ஒருத்தரும் கேக்காத ஊரொண்டு பாக்கோணும் எனக்கு."

பாஸ் என்ற கதையை எடுத்தவள் நான். கொழும்பில் இருந்த பயண முகவர் தொலைபேசியில் சொன்னார்: இத்தனை ஊருக்குப் போவதென்றால் பாஸ்தான் புத்தி, ஒவ்வொரு ஊரிலும் டிக்கெட் ஜன்னலில் இடிபடத் தேவையில்லை. தொடங்கும் நாளை மட்டும் முன்பே எழுதிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நான் துள்ளினேன். மாமி முகத்தைச் சுளித்தாள். "பாஸ் அடிச்சு அடிச்சு என்ர விரல் தேஞ்சுபோச்சு. லீவிலயும் பாஸோ?" அது வேறு, இது வேறு என்று விளங்கப்படுத்தினேன். இருக்கை முன்பதிவு செய்ய வேண்டுமா என்று முகவரிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஓம், பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் போய்ப் பதிய வேண்டுமாம். மாமி கைதட்டிச் சிரித்தாள். "பாஸும் எடுத்து, பிறகு வரிசையிலயும் நிக்கோணும். எடியே, இது எங்கட பாஸேதான்! இந்தியாக்காரன் இங்க வந்து பாத்துத்தான் பழகியிருக்கிறான்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. "பிள்ளை, பாஸ் எண்டா ஒருத்தன் தாறது. தாறவன் பறிப்பான். டிக்கெற் எண்டா நான் வாங்கிறது. துலைஞ்சா ஒரு டிக்கெற்தான் துலையும்."

அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். பத்தொன்பது வயதுத் திமிர் விடவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். "மாமி, உங்களுக்குப் பயம். அந்தச் சொல்லுக்கே பயம். வெளிநாட்டுக்குப் போனாலும் நீங்க இந்த ஊரைச் சுமந்துகொண்டுதான் போவீங்கள்." மாமி பிசைந்த சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்தாள். பிறகு, "சரி, எடு உன்ர பாஸை. ஆனா அதை நான் தொடமாட்டன். நீயே வச்சிரு" என்றாள்.

என்னையே வைத்திருக்கச் சொன்னாள். நான் எங்கே வைத்தேன்? எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு பொலித்தீன் உறை தொங்கும். அடையாள அட்டையின் பிரதி, பதிவுத் துண்டு, உள்ளே போகும் பாஸ், வெளியே போகும் பாஸ் எல்லாம் அதற்குள். வெளியே இறங்கும்போது செருப்பைப் போடுவது போல அந்த உறையையும் எடுத்துக்கொண்டு போவோம். வீட்டில் பத்திரமான இடம் எது என்று கேட்டால் அலுமாரியைக் காட்டமாட்டோம், அந்த ஆணியைத்தான் காட்டுவோம். மாமியின் ரயில் பாஸ் தபாலில் வந்ததும் நான் அதை அவளுடைய கடவுச்சீட்டோடும் மடித்த ரயில் படத்தோடும் சேர்த்து அந்த உறைக்குள் வைத்தேன். என்னுடையவற்றைப் போகும் வழியில் கொழும்பில் முகவரிடம் எடுப்பதாக இருந்தது. இரண்டு நாளில் பயணம்தானே. பாஸ் என்றால் பாஸ் வைக்கிற இடத்தில் வை. என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் காலை, அப்பாவின் பெரிய சூட்கேசை எடுத்துவர மாமி சீனன்குடாவுக்குப் புறப்பட்டாள். நான் கிணற்றடியில் இருந்தேன். ஆணியிலிருந்து உறையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள். சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். "பாஸ் எக?" என்று கேட்டான் காவலுக்கு நின்ற சிப்பாய். சிங்களத்திலும் அது பாஸ்தான், தமிழிலும் பாஸ்தான், ஆங்கிலத்திலும் பாஸ்தான். இந்த நாட்டில் மூன்று மொழிக்காரரும் சண்டை பிடிக்காமல் பங்குபோட்டுக்கொண்ட ஒரே சொல் அது. மாமி பழக்கத்தில் உறைக்குள் கைவிட்டு மேலே கிடந்ததை நீட்டினாள். மேலே கிடந்தது நான் வைத்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மடித்த படம் கீழே விழுந்தது. விரித்தால் முழுக்கக் கோடுகள், கோடுகளில் பென்சில் வட்டங்கள், வட்டங்களுக்குப் பக்கத்தில் மாமியின் மணியான கையெழுத்தில் நேரங்கள். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் பாதையில், நாற்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பொம்பிளையின் பையில். பெரியவனைக் கூப்பிட்டார்கள். மாமிக்குக் கந்தோர்ச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. விசாரணையைப் பிறகு அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"இது என்ன வட்டம் எண்டான். தேத்தண்ணி குடிக்கிற இடம் எண்டன். ஏன் ஆறு வட்டம் எண்டான். எனக்குத் தேத்தண்ணி விருப்பம் எண்டன். பக்கத்தில நிண்ட சின்னவனுக்குச் சிரிப்பு வந்திட்டு. பெரியவன் அவனைப் பாத்த பார்வையில அந்தச் சிரிப்பும் போச்சு."

சூட்கேஸுக்குப் போனவள் பொழுதுபட்டு, மைமல் இருட்டில் வெறுங்கையோடு வந்தாள். நானும் அதற்குள் மூன்று தரம் சந்திக்குப் போய் வந்துவிட்டேன். படலையைத் திறந்துகொண்டு வந்தவள், என் முகத்தைப் பார்த்தாள். "எடியே, உன்ர பாஸ் நல்லா வேலை செய்யுது. காலமை தொட்டு இவ்வளவு நேரமும் ஒரே இடத்தில இருக்க விட்டாங்கள்." அதற்குப் பிறகுதான் வாங்கிலில் இருந்து அழுதாள். கடவுச்சீட்டையும் பாஸையும் படத்தையும் விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்களாம். முடிந்ததும் சொல்லி அனுப்புவார்களாம்.

அடுத்த நாளே மாமி கந்தோருக்குப் போய், லீவில் இருந்தவள் தன் மேசையிலேயே இருந்து, தன் கடவுச்சீட்டைத் திருப்பித் தரும்படி ஒரு கடிதம் அடித்தாள். மூன்று பிரதி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. "கீழே பெயர் குறிப்பிடப்பட்டவர்" என்ற இடத்தில் தன் பெயரை அடிக்கும்போது மட்டும் விசை இறுகிவிட்டது என்று சொன்னாள். நான் முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தனி டிக்கெட் என்றால் திகதியை மாற்றித் தரலாமாம், பாஸில் ஒன்றும் செய்ய ஏலாதாம். "நான் அப்பவே சொன்னனான்தானே தங்கச்சி" என்றார். அவர் சொன்னவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொலைபேசியை நிலத்தில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அதைவிட எரிந்தது ஊர்ச்சனத்தின் ஆறுதல். "அடிக்கேல்லைத்தானே?" "அண்டைக்கே விட்டிட்டாங்கள்தானே, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடி." "ஒரு லீவுதானே, என்ன குடியே முழுகிப்போச்சு?" எங்கள் ஊரில் கவலையும் வரிசையில்தான் நிற்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னுக்கு, வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்னால். மலை ரயிலைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. மாமிக்கும் அது தெரியும். அதனால் அவளும் "ஓம், ஓம், பெரிய புண்ணியம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. பெரிய அநியாயம் நடந்த ஊரில் சின்ன அநியாயம் செய்தவனுக்கு எவ்வளவு வசதி! அவன் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. அவன் அதை அன்று பின்னேரமே மறந்திருப்பான்.

சரியாக மூன்று கிழமைக்குப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். மாமியும் நானும் சாவடிக்குப் போனோம். வேறு ஒருவன் இருந்தான். உறையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்து, கடவுச்சீட்டைப் புரட்டி, படத்தை மடித்து, கடைசியாக ரயில் பாஸைத் திருப்பினான். பின்பக்கத்துக் கட்டங்களைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. முத்திரைக்கென்றே இடம் விட்டிருக்கிறதே! முதல் கட்டத்தில் ஊதா மையை அழுத்திக் குத்தினான். சிங்களத்தில் 'பரிசோதிக்கப்பட்டது', அதன் கீழே திகதி. "பிரச்சினை ஒன்றுமில்லை, போகலாம்" என்றான், மரியாதையாகத்தான். மாமி "ஸ்துதி" என்று நன்றி சொன்னாள். பஸ்ஸில் ஏறியதும் கடவுச்சீட்டைத் தான் எடுத்துக்கொண்டு பாஸை என் மடியில் போட்டாள். "உன்ரதான், நீ வச்சிரு."

அதற்குப் பிறகு சமாதானம் என்று சொன்னதும் முடிந்தது. பாதை பூட்டினார்கள். லீவுகள் இரத்தாயின. மாமி பழையபடி அனுமதிக் கடிதம் அடித்தாள். சண்டை முற்றாக ஓய்ந்த பிறகு, சிம்லாவுக்குப் போவமா என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். முழங்கால் என்றாள், கந்தோர் என்றாள், பிறகு, "பாஸ்போட்டிலயும் பாஸ் இருக்கு, பாத்தியே?" என்று பகிடி விட்டாள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவே இல்லை. அவள் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் கலண்டரை யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள்.

இன்று பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாமி, ஜப்பானுக்குப் போறம். ரயிலுக்குப் பாஸ் எடுக்கிறதோ டிக்கெற்றோ எண்டு பெடியளுக்குள்ள பெரிய சண்டை. நீங்க சொல்லுங்கோ."

"என்னை ஏன் கேக்கிறாய்? நான் ரெண்டிலயும் போகேல்லையே."

பிறகு அவளே கேட்டாள். "அங்க இடையில மறிப்பாங்களோ?"

"இல்லை மாமி."

"இறக்கிக் கேப்பாங்களோ?"

"இல்லை."

"அப்ப எதை எடுத்தாத்தான் என்ன, விசரி?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

குழுவில் இன்னும் அட்டவணைகள் வந்துகொண்டிருக்கின்றன. நான் மேசை விளக்கடியில் பாஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் அது செல்லுபடியாகும் கடைசி நாள் அடித்திருக்கிறது. பின்பக்கத்தில் அந்த ஊதா முத்திரையின் திகதி. இரண்டும் ஒரே நாள். அன்றைக்கு முழுக்க மாமி விரும்பிய எந்த ரயிலிலும் ஏறியிருக்கலாம்.