மூடுபனியில் ஒற்றைப் பின்விளக்கு

இல்லை, வண்டிக்குள் தூங்கும்போது பயம் வருவதில்லை. கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டால் அதுவும் ஒரு அறைதான். போன பதிவின் கீழே பலர் கேட்டதற்கு இதுதான் பதில். பயந்தது ஒரே முறை. ஜனவரியில், காலை எட்டு மணிக்கு, டெல்லியில், ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: பதிமூன்று வயதான பெட்ரோல் ஜீப். நாலு சக்கர இழுவை. தமிழ்நாட்டு எண். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பலகையில் படுக்கை. அதன் கீழே அடுப்பு, தண்ணீர் கேன், இழுவைக் கயிறு. அக்டோபரில் மதுரையிலிருந்து கிளம்பியது. இமாச்சலத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் சுற்றிவிட்டு இறங்கியிருந்தேன்.

லோதி ரோட்டில் கல்லூரித் தோழியின் அரசுக் குடியிருப்பு. வாசலில் வண்டி, வண்டிக்குள் நான், குளிக்க மட்டும் மாடிக்கு. நான்காம் நாள் மாலை தோழி செய்தியைக் காட்டினாள். காற்று மோசம். நாளை மறுநாளிலிருந்து பழைய வண்டிகள் ஓடக்கூடாது. தடை எப்போது நீங்கும் என்று தெரியாது. விடிந்ததும் ஆக்ரா வழியாகத் தெற்கே போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

"என்ன ஜல்தி உனக்கு? பதினோரு மணிக்கு மேல போடீ," என்றாள்.

ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினேன்.

கொடைக்கானலில் பார்க்கும் பனி அல்ல இது. அசையாது. புகை வாசம் அடிக்கும். பானெட்டின் நுனி தெரியவில்லை. ஜங்புரா தாண்டும்போது சாக்கடை நாற்றம் வந்தது. அந்தக் கரையில்தான் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இருந்தது. இடித்த பிறகு அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க நினைத்திருந்தேன். வெள்ளை இருந்தது.

டெல்லி மூடுபனியில் ஒரு வழக்கம். யாரும் சாலையைப் பார்த்து ஓட்டுவதில்லை. முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அவர் தனக்கு முன்னால் போகிறவருடையதை.

ஆஷ்ரம் சந்திப்பில் எனக்கும் ஒரு விளக்கு கிடைத்தது. ஒன்றுதான், வலது பக்கம் மட்டும். காரைவிடக் கொஞ்சம் உயரம், லாரியைவிடத் தாழ்வு. இருபது கிலோமீட்டர் வேகம். நான் குறைத்தால் அதுவும் குறைத்தது. நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

பிறகு சாலை குலுங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் மலைப்பாதையில் ஓட்டியவளுக்குக் குலுக்கல் ஒரு செய்தி அல்ல. சக்கரம் வழுக்கியபோது கை தானாக நாலு சக்கர இழுவைக்கு மாற்றியது. வண்டி மேட்டில் ஏறியது. விளக்கும் ஏறியது. தார் முடிந்துபோனதை நான் கவனிக்கவே இல்லை.

விளக்கு அணைந்தது.

பிரேக்கை மிதித்தேன். இன்ஜினை அணைத்தேன். கீழே எங்கோ தண்ணீர் நகரும் சத்தம். டார்ச்சுடன் இறங்கினேன். ஐந்தடி தூரம் ஈர மண். பிறகு சிமெண்ட் விளிம்பு, துருப்பிடித்த கம்பிகள். பிறகு ஒன்றுமில்லை. கட்டி முடிக்காத பாலம். யமுனையை வாசத்தில் தெரிந்துகொண்டேன்.

என் வண்டிக்கு முன்னால் அந்த மண்ணில் டயர் தடம் இல்லை. குனிந்து பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

பின்னால் ஹாரன். ஒரு சின்ன கார், என் பம்பரை ஒட்டி. கண்ணாடியை இறக்கி ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, டீக்கடையா? ஏன் நிப்பாட்டிட்டிய?"

"பாலம் முடிஞ்சிருச்சும்மா. முன்னாடி வந்துராதீங்க. கீழே ஆறு."

"நாங்க மதுராவுக்குல்லா போறோம்," என்றார் ஓட்டியவர். சரோஜினி நகர்வாசி, திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு வேலையில் ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் என்று பிறகு சொன்னார்.

"நல்லாக் கேளுங்க," என்றார் அவர் மனைவி. "ஒங்க நம்பரப் பாத்ததும் இவுக, 'நம்ம ஊரு வண்டி, பின்னாலயே போயிருவோம்'னாக. அது எங்க போவுதுன்னு கேட்டேன். 'அது போற எடத்துக்கு'ன்னாக."

"நீ தூங்கிட்டுத்தான வந்த," என்றார் அவர்.

சிரிக்க முடியவில்லை. அவர்களின் முன்சக்கரங்கள் மண்ணில் பாதி புதைந்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் ஒரு டாக்சி, அதற்கும் பின்னால் ஒரு பால் வேன். பார்க்காமல் எவராவது வந்து மோதினால் ஒன்றை ஒன்று தள்ளும். முதலில் விழுவது என் ஜீப். அடுத்தது இவர்கள். இத்தனை பேரையும் இங்கே கூட்டிவந்தது நான். இருவரையும் இறங்கி ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, டார்ச்சை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

பால் வேன் ஓட்டியவர் கோபமாக இருந்தார். இந்தியில் சொன்னார்: "என்கிட்ட சொல்லி என்ன தீதி? எனக்குப் பின்னால ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வர்றான், அவன்கிட்ட சொல்லு. ரெண்டு வட்ட விளக்கு. ஆஷ்ரம்லேருந்து விட மாட்டேங்கிறான்."

சேர்ந்து நடந்தோம். மண் முடிந்து தார் வந்தது. யாரும் இல்லை. அவர் என் எச்சரிக்கை முக்கோணத்தை வாங்கித் தாரில் வைத்தார்.

வட்ட விளக்குள்ள வண்டிகள் டெல்லியில் இப்போது அதிகமில்லை. என்னுடையது ஒன்று.

வேனும் டாக்சியும் தார் வரை பின்வாங்கின. அடுத்து நான். மேடு இரண்டு வண்டி அகலம், புதைந்த காரை ஒட்டிப் பின்னால் போக இடம் இருந்தது. திருநெல்வேலிக்காரர் என் பின்னால் நின்று, 'வரட்டும், வரட்டும்' என்று இந்தியும் தமிழும் கலந்து வழி சொன்னார். "ஆனே தோ, ஆனே தோ... அச்சா... எடது ஒடிங்க... நில்லுங்க!" குரல் மட்டும்தான் வந்தது. ஆள் தெரியவில்லை. அந்தக் குரலை நம்பி ஓட்டினேன். வேறு என்ன செய்ய?

காரின் பின்கொக்கியில் கயிறு மாட்டி, குறைந்த கியரில் பின்னோக்கி இழுத்தேன். இரண்டாம் முயற்சியில் சக்கரம் வெளியே வந்தது. தாரில் நின்றபோது மணி ஒன்பதரை. லோதி ரோட்டிலிருந்து வந்திருந்த தூரம் பதினொரு கிலோமீட்டர்.

அந்த அம்மாள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நின்றபடியே குடித்தேன்.

"சொல்லணும்னு இருந்தேன். ஒங்க வண்டில எடது பக்கத்து லைட்டு எரியல, பாத்துக்கிடுங்க. வழி பூரா வலது பக்கத்து ஒத்த லைட்டப் பாத்துட்டுத்தான் வந்தோம். நாங்க மெதுவாப் போனா நீங்களும் மெதுவாப் போனிய. நல்ல மனுசருன்னு இவுக சொல்லிட்டே வந்தாக."

பின்னால் போய்ப் பார்த்தேன். வலது எரிந்தது. இடது எரியவில்லை. லோதி ரோட்டில் கிளம்பும்போது இரண்டையும் பார்த்தேனா என்று யோசித்தேன். பார்க்கவில்லை.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பனியில் நம் வெளிச்சமே திரும்பிவரும் என்றான் ஒரு நண்பன். வெள்ளையாகத் திரும்பிவரலாம். சிவப்பாக, ஆஷ்ரமிலிருந்து ஆற்றங்கரை வரை வழிகாட்டிக்கொண்டு? நான்கு மாதமாக யாரையும் பின்தொடராமல், யாரும் பின்தொடராமல் வாழ்வதாக நினைத்திருந்தேன். அதை இனி எழுத மாட்டேன்.

போகப்போகிறவர்களுக்கு. டிசம்பர், ஜனவரியில் டெல்லியை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் பதினோரு மணிக்குப் பிறகு கிளம்புங்கள். முன்னால் போகும் விளக்கை நம்பாதீர்கள். சாலையோரக் கோட்டைப் பிடித்துப் போங்கள், அது தெரியாவிட்டால் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நில்லுங்கள். தார் முடிந்தால் இறங்கிப் பாருங்கள், உங்கள் வண்டி எதில் வேண்டுமானாலும் ஏறும் என்றாலும். பழைய வண்டி என்றால் அந்த வாரத்து விதி என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது. பின்விளக்கைத் தினமும் இன்னொருவரை நிற்கவைத்துச் சோதியுங்கள்.

நான் ஆக்ரா போகவில்லை. பனி விலகியதும் திரும்பி, ஜங்புரா பக்கத்தில் போகல் என்ற கடைத்தெருவில் ஒரு கடையில் பல்பு மாற்றினேன். அறுபது ரூபாய். கடைக்காரரைப் பின்னால் நிற்கச் சொன்னேன். இரண்டும் எரிகிறது என்றார். லோதி ரோட்டில் பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்திப் பூட்டினேன். சாவியைத் தோழியிடம் கொடுத்தேன். அன்று மாடியில், அவள் வீட்டுக் கூடத்தில் படுத்தேன்.