பத்து நிமிஷம் முந்திய சர்வர்

எல்லாக் கிளை சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் பெங்களூரு ஹெட் ஆபீஸ் கன்சோலில் எங்கள் மைசூர் கிளைக்கு நேரே சிவப்பு.

தொண்ணூறுகளின் கடைசி. மண்டி மொஹல்லாவில் ஓர் ஊதுபத்தி கம்பெனி. கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்தி, ஒரு சர்வர், ஒரு மோடம், அவ்வளவுதான். கடைக்காரர்களிடம் ஆர்டர் வாங்கும் சர்வீஸ் ஒன்றை அந்த சர்வரில் போட்டிருந்தேன். அதைப் பெங்களூரு கன்சோலில் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அங்கே உட்கார்ந்தபடியே அதை ஓட்டலாம், நிறுத்தலாம். அன்று மதியத்துக்குள் ரிஜிஸ்டர் ஆகாத கிளையின் சர்வரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். சர்வர் போனால் நானும் போக வேண்டியதுதான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சர்வீஸ் பெயர், போர்ட் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் சரி. ஆனால் ரிக்வெஸ்ட் போன வேகத்தில் திரும்பி வந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மோடத்தைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏனம்மா, ஆயித்தா?" என்று மேனேஜர் சேஷாத்ரி சார் எட்டிப் பார்த்தார். பாதி கன்னடம் பேசும் மைசூர்த் தமிழர்.

"ஆகலை சார்."

"பேக மாடும்மா, சீக்கிரம்! மானம் போகுது!"

பெங்களூரில் கன்சோலைப் பார்த்துக்கொள்ளும் பிரேமாவுக்கு போன் போட்டேன்.

"உங்க மெஷின்ல மணி என்ன?" என்றாள். பார்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க இன்னும் அந்த மணியே ஆகலைங்க. பத்து நிமிஷம் முன்னாடி ஓடுறீங்க. டைம் ஒத்துப் போகலைன்னா கன்சோல் சேர்த்துக்காது."

அடக் கடவுளே! ஊழியர்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தைச் சார் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். சர்வரிலும் கை வைப்பார் என்று யார் கண்டது? அட்மின் பாஸ்வேர்டும் அவரிடம்தான். மணியை மாற்றித் தரச் சொல்லி அவரிடமே போய் நின்றேன்.

"மாத்தக் கூடாதும்மா. இந்த ஆபீஸ் ஒன்பதுக்குத் திறக்குறதே அந்தப் பத்து நிமிஷத்தாலதான். பெங்களூரை முன்னாடி வைக்கச் சொல்லு!"

அதையும் சொன்னேன். "மத்த ஊரெல்லாம் என்ன பண்றதாம்?" என்றாள் பிரேமா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், அந்தப் பத்து நிமிஷத்தைக் கழிச்சுத்தான் எல்லாரும் வீட்டைவிட்டே கிளம்புறாங்க. அந்தக் கடிகாரத்தை நம்புறது நீங்க ஒருத்தர்தான்!"

சொன்னபிறகுதான் பயம் வந்தது. சார் வெளியே திரும்பி, அக்கவுன்ட்ஸ் பத்மாவிடம், "மணி என்னம்மா?" என்றார்.

பத்மா சுவரைப் பார்த்தாள். "பதினொண்ணு ஐம்பத்தஞ்சு காட்டுது... அப்ப, பதினொண்ணே முக்கால் சார்" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

சாரின் முகம் விழுந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. சர்வர் முன்னால் வந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டு அடித்து, மணியைத் தன் கையாலேயே பின்னால் தள்ளினார். நான் ரிஜிஸ்டர் பட்டனைத் தட்டினேன்.

"பச்சை!" என்று போனில் கத்தினாள் பிரேமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, சர்வீஸ் ரிஜிஸ்டர் ஆகவில்லையா? முதலில் மணி பாருங்கள். அதையும் உங்கள் ஆபீஸில் கேட்காதீர்கள், பக்கத்து ஆபீஸில் கேளுங்கள்.