துவக்கால் பார்க்கிறது

மெல்பனிலிருந்து கிழக்கே கார் ஓடி, தார் றோட்டு முடிந்து, மண் றோட்டும் முடிகிற இடத்தில் நாங்கள் வேட்டைக்குப் போகிற மலை இருக்கிறது. நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். அவன் என்னை அத்தான் என்பான். நான் அவனை மச்சான் என்பேன். இரண்டு பேருக்கும் துவக்கு லைசென்ஸ் உண்டு. அங்கே சாம்பர் மான் திரிகிறது. எங்கள் ஊரில் அதற்கு மரை என்று பெயர். ஒன்று விழுந்தால் இரண்டு வீட்டுக்கும் இறைச்சி.

குளிர்காலம் தொடங்கிய நேரம் அது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் அவன் இருந்தான். நான் கீழே இறங்கி ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறினேன். அங்கே மரை புரண்ட சேற்றுக்குழி ஒன்று இருந்தது. தடம் புதிதா என்று குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து, அவன் எங்கே என்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். அவன் பாறையில் படுத்திருந்தான். துவக்கு தோளில் இருந்தது. அதன் வாய் என் பக்கம் இருந்தது.

நான் மரத்துக்குப் பின்னால் போய் இருந்தேன்.

அவனிடம் திரும்பிப் போக நெடுநேரம் எடுத்தது. இறங்கி ஏற வேண்டும். வழியில் என் கோபம் குறையவில்லை, கூடியது.

“என்னடா செய்தனீ?”

“உங்களைத்தான் அத்தான் பாத்தனான். எங்க நிக்கிறியள் எண்டு.”

“துவக்கால பாக்கிறதே?”

“பைனாகுலர்ல அவ்வளவு தூரம் தெரியேல்ல. துவக்கில இருக்கிற ஸ்கோப் கிட்டக் காட்டுது. லொக் போட்டுத்தான் இருந்தது. ஏன் இப்பிடிக் கத்திறியள்?”

நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. ஒரே ஒரு முறை கேட்டேன். அவனுக்கு அது கத்தலாகக் கேட்டிருக்கிறது.

யுத்தகாலத்தில் ஊரில் என் நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டியவர்கள் உண்டு. சந்தியில் நீட்டினார்கள். வீட்டு வாசலில் நீட்டினார்கள். மச்சானுக்கும் நீட்டினார்கள். அவனுக்கு அப்போது மீசை அரும்பியிருக்கவில்லை. துவக்கின் வாயை அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அதை இன்னொருவன் பக்கம் திருப்பக்கூடாது. இதற்குப் படிப்புத் தேவையில்லை. நானே எட்டாம் வகுப்போடு நின்றவன்.

காரில் வரும்போது சொன்னேன். “தூரத்தைப் பாக்கிறதுக்கு எண்டு ஒரு ஸ்கோப் இருக்கு. முக்காலியில வைக்கிறது. அது வராமல் நான் உன்னோட மலைக்கு வரமாட்டன்.”

“அது பணக்காரன்ர சாமான் அத்தான்.”

அவனுடைய துவக்கின் விலை எனக்குத் தெரியும். அதன் மேலிருக்கிற ஸ்கோப்பின் விலையும் தெரியும். அவை வாங்கும்போது இந்தப் பேச்சு வரவில்லை. சுடுகிறதற்குச் செலவழிப்பான். என்னத்தைச் சுடுகிறோம் என்று பார்க்கிறதற்குச் செலவழிக்கமாட்டான். இவன் மட்டும் இல்லை. மலையில் நான் கண்ட வெள்ளைக்காரரிலும் பாதிப்பேர் அப்படித்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றாள்.

“லொக் போட்டிருந்ததாம் தானே,” என்றாள். தம்பி அதற்குள் போன் பண்ணிவிட்டான்.

“லொக் போட்டால் என்ன?”

“நீங்கள் ஆள் தெரியிற ஒரேஞ் தொப்பி போட்டிருக்கலாமே?”

தொப்பி என் பையில் இருந்தது. அது உண்மை. அப்போ பிழை என்னுடையது. துவக்கு நீட்டினவனுடையது இல்லை. நான் போய்க் கதிரையில் இருந்தேன். அன்றைக்கு மீன்குழம்பு ருசிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மச்சானின் மகளுக்குப் பிறந்தநாள். போனேன். போகாமல் விட்டால் அதற்கும் கதை வரும். ஆம்பிளைகள் எல்லாரும் வழக்கம்போலக் கராஜுக்குள் நின்றார்கள். மேசையில் போத்தல், பொரித்த கணவாய். நடுவில் முக்காலி. முக்காலியில் ஒரு கறுப்புக் குழாய்.

“அத்தான், உங்கட ஸ்கோப் வந்திட்டுது,” என்றான் மச்சான். “அறுபது பவர்! ஒன்லைன்ல எடுத்தனான். கால், பை, போன் பூட்டிறது எல்லாம் சேத்து. விலையைக் கேட்டால் சிரிப்பியள்.”

இருட்டுமுன் கராஜின் பின்கதவைத் திறந்துவிட்டு வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சந்திரனைப் பார்த்துக் கைதட்டினார். கணக்காளர் ஒருவர் பின்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, “ஐசே, விசர்ச்சாமான்! அறுபது பவர் எண்டால் சும்மாவே?” என்றார். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பி, “அண்ணே, எதைச் சுடப் போறீங்க?” என்று கேட்டான்.

“சாம்பர்,” என்றான் மச்சான்.

“சாம்பாரா? அதுக்கு ஏன்ணே துப்பாக்கி? எங்க வீட்டுக்கு வாங்க, கரண்டியே போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குழாயில் கண்ணை வைத்தேன்.

கூரையில் புகைபோக்கி ஒன்று இருந்தது. பெரிதாகத்தான் தெரிந்தது. பால் ஊற்றினமாதிரித் தெரிந்தது. செங்கல் எங்கே முடிகிறது, சாந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மச்சான் தோளில் தட்டினான், படம் முழுக்க ஆடியது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியோடு பார்த்தால் நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுதான் தெரிந்தது. சுற்றிக் கறுப்பு.

“எப்பிடி?”

“தெளிவில்லை.”

“அறுபது பவர் அத்தான்!”

பவர், பவர் என்று சாகிறார்கள். எனக்குக் கண்ணாடியில் வருடா வருடம் பவர் கூடுகிறது. கண் நல்லாய் வருகிறது என்றா அதற்கு அர்த்தம்? பெட்டியில் பெரிய எண் அடிக்க ஒரு செலவும் இல்லை. யாரும் அடிக்கலாம். ஒளியை உள்ளே விடுகிற கண்ணாடிக்குத்தான் காசு. அது பெட்டிக்கு வெளியே தெரியாது. அதனால் யாரும் கேட்பதில்லை.

இதைக் கராஜில் சொன்னேன். கணக்காளர், “ஐயா எல்லாத்திலயும் பிழை பிடிப்பார்,” என்றார். அதன் பிறகு சொல்லவில்லை.

நான் தனியாக ஒரு கடைக்குப் போனேன். நகரத்துக்கு வெளியே, டயர்க்கடைகளுக்குப் பக்கத்தில். என் கையில் எவ்வளவு உண்டு என்று முதலே சொன்னேன். கேட்டபிறகும் விற்கிறவனுடைய கை மேல்தட்டுக்குத்தான் போனது. அதிலிருந்து ஒன்றை இறக்கினான். அதன் விலைக்கு நான் ஓடுகிற காரை விற்க வேண்டும்.

“இது இல்லாமல் மலைக்குப் போவது வீண்,” என்றான்.

வீண் என்றால், காசு இல்லாதவன் குருடனாகப் போகட்டுமா? கேட்கவில்லை. கீழ்த்தட்டைக் காட்டினேன். அவன் அரை மனதோடு இரண்டை எடுத்து வைத்தான். சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் காட்டி, அதைப் பார் என்றான். அந்தத் தலை பத்து மீற்றருக்குள் இருந்தது. அதற்கு எனக்குக் கண்ணே போதும்.

“வெளியில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.”

“வெளியில் விடமாட்டோம்.”

“இருட்டுப் படுகிற நேரத்தில் பார்க்க வேண்டும். மான் அப்போதுதான் வரும்.”

“மன்னிக்கவும். கடை விதி.”

நான் நகரவில்லை. சத்தம் போடவும் இல்லை. நின்றேன். வேலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான், லொறி வரும்வரை நின்று பழகியவன். கடைசியில் அவனுக்கே அலுத்துவிட்டது. பூட்டுகிற நேரம் வந்தது. குளிர்காலம் என்பதால் பொழுதும் கூடவே சாய்ந்தது. தானே இரண்டையும் தூக்கிக்கொண்டு கார் விடுகிற இடத்துக்கு வந்தான்.

அங்கே மறுமுனையில் டயர்க்கடைப் பலகை இருந்தது. பெரிய எழுத்து யாருக்கும் தெரியும். அடியில் சின்ன எழுத்தில் திறக்கிற நேரம் எழுதியிருந்தது. அதைத்தான் பார்த்தேன். இரண்டில் பெரிய வாய் உள்ளதில் வெளிச்சம் கொஞ்சம் அதிகம். ஆனால் பாரம், செங்கட்டி மாதிரி. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் மூன்றாவது தடவை வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். வீட்டில் இருக்கிற ஸ்கோப்பால் மலை தெரியாது. சின்னதில் குறைந்த பவரில் வைத்தால் எழுத்து ஓரம்வரை கூராக நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே வட்டம் முழுவதும் தெரிந்தது. பவரைக் கூட்டக் கூட மங்கியது. மங்கட்டும். அந்தப் பக்கம் நான் போகமாட்டேன்.

கண் வைக்கிற இடம் மேல்நோக்கி வளைந்தது வேண்டும் என்றும் கேட்டேன். நேரான குழாய் என்றால் நெட்டையன் எழும்பிக் கட்டையன் குந்தும்போது ஒவ்வொரு முறையும் முக்காலியை மாற்ற வேண்டும். வளைந்ததில் குனிந்தால் போதும். மச்சான் என்னைவிட ஒரு தலை உயரம்.

அப்போதும் நான் அவனை நினைத்துத்தான் வாங்கியிருக்கிறேன். இதையும் எழுத வேண்டும்.

கண்ணாடிப்பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்த வளைந்த சின்னது ஒன்று உடம்பில் கீறலோடு இருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. அதை எடுத்தேன். கீறலுக்கு விலை குறைந்தது. மிச்சத்துக்கு ஒரு கனமான முக்காலி. கால் ஆடினால் எந்தக் கண்ணாடியும் ஆடும். விற்கிறவன் கடைசியில், “நீ சரியாகத்தான் பார்த்தாய்,” என்றான். அதை வந்தவுடனே சொல்லியிருக்கலாம்.

குளிர் முடிகிற நேரம் மச்சானோடு மலைக்குப் போனேன். மனைவி கேட்டாள் என்பதற்காகவும் போனேன். அவன் அறுபது பவரைக் கொண்டுவந்தான். நான் என்னுடையதைக் கொண்டுபோனேன். விடிகிறபோது இரண்டு பேரும் பாறையில் இருந்தோம். புல்லெல்லாம் உறைபனி.

எதிர்ச்சரிவில் மரங்களுக்கு நடுவே மண்ணிறமாக ஏதோ தெரிந்தது.

“அத்தான், மரை,” என்றான் காதுக்குள்.

தன் குழாயை வைத்துத் தேடினான். பவரைக் கூட்டினான். காட்டையே தவறவிட்டான். திரும்பக் குறைத்தான். கண்ணைக் கசக்கினான். “பனி படிஞ்சிட்டுது,” என்றான். பனி வெளியில் இல்லை, அந்தக் குழாய்க்குள்ளே படிந்திருந்தது. நான் என்னுடையதைத் திருகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். துவக்கு அவன் தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

துவக்கிலிருந்த ஸ்கோப்பின் முன்கண்ணாடியை என் உள்ளங்கையால் பொத்தினேன்.

“அத்தான், கையை எடுங்கோ.”

“கீழ வை.”

“போயிடும் அத்தான்!”

“போகட்டும். இதால பார்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து குனிந்தான். பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கையால் கொஞ்சம் திருகினான், திரும்பவும் பார்த்தான். தலையை எடுக்காமலே சொன்னான்.

“குற்றி.”

“என்ன?”

“மரக்குற்றி. பட்டை உரிஞ்சு கிடக்கு.”

அவன் எழும்பவில்லை. கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு இருந்தான். அவனுடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

“அண்டைக்கும் இப்பிடித்தான் அத்தான்.”

“எண்டைக்கு?”

“நீங்கள் அங்கால நிண்ட அண்டைக்கு. நீங்கள் எண்டு தெரிஞ்சு பாக்கேல்ல. சேத்துக்குள்ள குனிஞ்சு நிண்டனீங்கள். மண்ணிற ஜக்கெட். மரை எண்டுதான்...”

“பிறகு?”

“நிமிந்தனீங்கள்.”

ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“லொக்?” என்று கேட்டேன்.

“போட்டிருந்தனான் எண்டு நினைக்கிறன்.”

நினைக்கிறானாம்! அக்காவிடம் போனில் சொல்லும்போது போட்டிருந்தது. அன்றைக்கு மலையில் என்னிடம் சொல்லும்போது போட்டுத்தான் இருந்தது. பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஐயா எல்லாத்திலயும் பிழை பிடிப்பார் என்று அவர்கள் சிரிக்கும்போது இவனும் நின்று சிரித்தான்.

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கலாம் என்று கை சொன்னது. துவக்கை எடுத்தேன், போல்ட்டைக் கழற்றினேன், என் ஜக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். போல்ட் இல்லாத துவக்கு வெறும் தடி. அதை அவனிடமே கொடுத்தேன்.

“அக்காட்டச் சொல்லப் போறியளோ?”

“இல்லை. நீ சொல்லு.”

“அத்தான்...”

“நீ சொல்லு. நான் குசினிக்குள்ள கதிரையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பன்.”

அன்று பின்னேரமே சொன்னான். முழுவதும் சொன்னான், நினைக்கிறன் என்பதையும் சொன்னான். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தம்பிக்குத் தேத்தண்ணி போடாமல் எனக்கு மட்டும் போட்டாள். அவள் அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இப்போதும் அவனோடு போகிறேன். அவனை நான் விட்டால் வேறு யாரோடாவது போவான். அந்த யாரோ எதிர்ச்சரிவில் நிற்பான். அதனால் போகிறேன். ஆனால் மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும் அவன் போல்ட்டைக் கழற்றி என் கையில் தர வேண்டும். நான் முக்காலியை ஊன்றி, இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்து, அது மரைதான் என்று இரண்டு வாயும் சொன்ன பிறகுதான் திரும்பக் கொடுப்பேன். சில நேரம் அதற்குள் மரை போய்விடுகிறது. அவன் பல்லைக் கடிக்கிறான்.

கடிக்கட்டும்.